வெளிநாட்டு அழைப்புக்குச் சம்மதம் சொல்லுமுன்: மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் இனப்பாகுபாட்டை எதிர்கொள்ளும் கலைஞர்களுக்கும் ஒரு வழிகாட்டி

வெளிநாட்டு விழாவிலிருந்தோ அரங்கிலிருந்தோ அழைப்பு வந்த நாளுக்கும், அதற்கு நீங்கள் சம்மதம் தெரிவிக்கும் நாளுக்கும் இடைப்பட்ட சில நாட்களில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும். அழைத்தவர்களுக்கு அப்போது நீங்கள் வேண்டும், அவர்களுடைய செலவுத் திட்டம் இறுதியாகியிருக்காது, விளம்பரம் அச்சேறியிருக்காது. கையெழுத்தான பிறகு கேட்கப்படும் எந்த வசதியும் கூடுதல் செலவாகிவிடுகிறது, கேட்பவரும் தொந்தரவு கொடுப்பவராகிவிடுகிறார். ஆகவே, இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி பயணத்துக்கு முன்பு எழுத வேண்டிய கடிதங்களைப் பற்றியதாகவே இருக்கும்.

சக்கர நாற்காலியில் ஆடும் நடனக் கலைஞர், காது கேளாத நடிகர், பார்வையற்ற இசைக் கலைஞர், ஆட்டிசம் உள்ள ஓவியர், நாள்பட்ட நோயோடு வாழும் எழுத்தாளர் ஆகியோரில் பலர் தாங்கள் போய்ச் சேரும் நாட்டில் நிறத்தாலும் இனத்தாலும் சிறுபான்மையினராகவும் இருப்பார்கள். சொந்த நாட்டில் தன் இனத்தைப் பற்றி ஒருநாளும் யோசிக்க நேராத ஒருவர்கூட, விமானத்திலிருந்து இறங்கிய கணம் முதல் 'இன்ன நிறத்தவர்' என்று பார்க்கப்படத் தொடங்குகிறார். உடல் சார்ந்த தடைகளை வாழ்நாள் முழுதும் சமாளித்துப் பழகியவருக்கும் இந்த இரண்டாவது தடை புதிதாக இருக்கலாம். இரண்டுக்கும் சேர்த்தே தயாராக வேண்டும்.

பதில் கடிதத்தோடு போக வேண்டிய தாள்

மேடைக் கலைஞர்கள் தங்கள் ஒலி, ஒளித் தேவைகளை எழுதி அனுப்பும் தாளை டெக்னிக்கல் ரைடர் என்கிறார்கள். அதே முறையில் உடல், புலன், மனம் சார்ந்த தேவைகளை எழுதி அனுப்பும் தாளுக்கு அக்சஸ் ரைடர் என்று பெயர். பிரிட்டனின் மாற்றுத்திறனாளிக் கலை வட்டாரத்தில் இது நன்கு பழக்கமான ஒன்று. இரண்டு பக்கங்களுக்கு மேல் நீள வேண்டியதில்லை. நோயின் பெயரையோ மருத்துவ வரலாற்றையோ அதில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. எது இருந்தால் உங்களால் முழுமையாக வேலை செய்ய முடியும், எது இல்லாவிட்டால் முடியாது என்பதை எழுதினால் போதும். பிரிட்டனில் 1976இல் மாற்றுத்திறனாளிகளின் அமைப்பு ஒன்று வகுத்த கொள்கையும் இதுதான்: குறைபாடு உடலில் இருக்கலாம், ஆனால் இயலாமையை உண்டாக்குவது அதைக் கருத்தில் கொள்ளாமல் கட்டப்பட்ட உலகமே. உங்கள் தாள் உங்களை விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய கட்டடத்தையும் கால அட்டவணையையும் பற்றிப் பேசினால் போதும்.

அடைமொழிகளை விட்டுவிட்டு அளவுகளை எழுதுங்கள். "அகலமான கதவு வேண்டும்" என்பதற்குப் பதிலாக, "என் நாற்காலியின் அகலம் 68 சென்டிமீட்டர், பேட்டரியோடு எடை 140 கிலோ, திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடம் தேவை" என்று எழுதினால் அரங்க மேலாளர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குவார். "எனக்கு அடிக்கடி ஓய்வு தேவை" என்பதற்குப் பதிலாக, "தொடர்ந்து 50 நிமிடங்களுக்கு மேல் ஒத்திகை கூடாது, நடுவில் 20 நிமிடம் படுக்க இடம் வேண்டும், நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு முழு நாள் வேலை இருக்கக் கூடாது" என்று எழுதலாம்.

அரங்கம் முழுமையாக அணுகத்தக்கது என்று பதில் வந்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பல அரங்குகளில் அந்தச் சொல் பார்வையாளர்களை மட்டுமே குறிக்கிறது. பார்வையாளர் வாசலில் சாய்தளம் இருக்கும், இருக்கை வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கும், அவர்களுடைய கழிப்பறையில் கைப்பிடியும் இருக்கும். ஆனால், கலைஞர்கள் நுழையும் பின்வாசலில் இரண்டு படிகள், ஒப்பனை அறை முதல் தளத்தில், மேடைக்கு ஏற மூன்று படிகள் என்று இருக்கும்; மாற்றுத்திறனாளி ஒருவர் மேடை ஏறக்கூடும் என்ற எண்ணமே அந்தக் கட்டடத்தை வரைந்தவருக்கு வந்திருக்காது. இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கார் நிற்கும் தெருவில் தொடங்கி, கலைஞர் வாசல், ஒப்பனை அறை, கலைஞர்களுக்கான கழிப்பறை, மேடையின் பக்கவாட்டு என்று நிறுத்தாமல் நடந்தபடியே கைபேசியில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான். எந்தப் படியும் அதில் மறையாது. தங்கும் விடுதியின் குளியலறைக் கதவில் அளவு நாடாவை வைத்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்; அறைக் கதவு போதுமான அகலத்தில் இருந்து குளியலறைக் கதவு குறுகலாக இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

காது கேளாத கலைஞர்கள் எந்தச் சைகை மொழி என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். பேச்சு மொழி ஒன்றாக இருப்பதால் சைகை மொழியும் ஒன்றாக இருக்கும் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கச் சைகை மொழி பிரெஞ்சு சைகை மொழியோடு உறவுடையது. பிரிட்டிஷ் சைகை மொழியோடு அதற்கு உறவில்லை. உங்கள் சைகை மொழி தெரிந்தவர் அந்த நாட்டில் கிடைக்காவிட்டால், உங்களோடு வழக்கமாக வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளரை அழைத்துவர வேண்டியிருக்கும். அவருக்கும் பயணச் சீட்டு, விசா, சம்பளம் உண்டு. நீண்ட நிகழ்ச்சிக்கு இரண்டு பேர் தேவை, ஏனெனில் சைகை மொழிபெயர்ப்பாளர்கள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வது வழக்கம். நாடகப் பிரதியும் உரையும் அவர்கள் கைக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.

இதே தாளில் இனம் சார்ந்த தேவைகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். பலர் இதை எழுதத் தயங்குகிறார்கள், குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று. ஆனால், இவை தொழில்முறைத் தேவைகள்தான். கருமையான தோலுக்கும் சுருள்முடிக்கும் ஒப்பனை செய்து பழகியவர் வேண்டும். என் தோல் நிறத்துக்கு ஏற்ப ஒளியமைப்பைச் சரிபார்க்க ஒத்திகையில் அரை மணி நேரம் வேண்டும். மைக் ஒட்டும் பட்டை, உள்ளாடை, காலுறை ஆகியவற்றில் 'தோல் நிறம்' என்பது என் தோல் நிறமாக இருக்க வேண்டும். முதல் நாளே புகைப்படத்தோடு அடையாள அட்டை வேண்டும். காவலர்களுக்கும் என் வருகை முன்பே தெரிவிக்கப்பட வேண்டும். இரவு நிகழ்ச்சி முடிந்ததும் விடுதிக்குக் கார் வேண்டும். என்னைப் பற்றிய விளம்பர வாசகம் அச்சுக்குப் போகுமுன் எனக்குக் காட்டப்பட வேண்டும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். துன்பத்தை வென்றவர், குறையை மீறி உயர்ந்தவர், தொன்மையான மரபின் குரல் என்பன போன்ற வாசகங்கள் உங்கள் கலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அறிவுசார் மாற்றுத்திறன் கொண்ட நடிகர்களை மையமாகக் கொண்டு ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987இல் தொடங்கிய பேக் டு பேக் தியேட்டர் குழு, 2022இல் சர்வதேச இப்சன் விருதையும் 2024இல் வெனிஸ் பியென்னாலே நாடகப் பிரிவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தையும் பெற்றது. நாடகம் என்ற அளவிலேயே மதிக்கப்படும் உரிமை உங்கள் படைப்புக்கும் உண்டு. அதை விளம்பர வாசகத்திலிருந்தே கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு தடைகளும் சேரும் இடம்

இங்கேதான் நல்லெண்ணம் உள்ள ஏற்பாட்டாளர்களும் தவறுகிறார்கள். அவர்களிடம் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு கொள்கை ஆவணம் இருக்கும், இனச் சமத்துவத்துக்கென வேறோர் ஆவணம் இருக்கும். இரண்டும் வெவ்வேறு அலுவலர்களின் பொறுப்பில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பவரை இரு ஆவணங்களும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1976இல் வந்த தீர்ப்பு இதற்குப் பழைய சான்று. இனப் பாகுபாடு, பாலினப் பாகுபாடு இரண்டையும் இணைத்து ஒரே முறையீடாகக் கொள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டது. கறுப்பின ஆண்களுக்கும் வெள்ளைப் பெண்களுக்கும் அங்கே வேலை கிடைத்திருந்ததால், கறுப்பினப் பெண்களுக்கு நேர்ந்தது கணக்கிலேயே வரவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரை இந்த வழக்கை அலசித்தான், பாகுபாடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு 'இன்டர்செக்ஷனாலிட்டி' என்று ஒரு பெயர் கொடுத்தது.

கலைஞரின் அன்றாடத்தில் அந்த வெட்டுமுகம் எப்படித் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். சைகை மொழிபெயர்ப்பாளரின் கைகள் அவருடைய உடையின் பின்னணியில் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால் கறுப்பு உடை என்பது பல அரங்குகளில் எழுதப்படாத விதியாகிவிட்டது. வெளுத்த கைகளுக்கு அது பொருந்தும். மொழிபெயர்ப்பாளரோ காது கேளாத கலைஞரோ கருமையான தோல் உடையவராக இருந்தால், கறுப்புத் துணியின் முன்னால் கைகள் கரைந்துபோகும். வெளிர் நிறத்தில், கோடுகளோ பூக்களோ இல்லாத உடையும், கைகளின்மேல் தனியாக விழும் ஒரு விளக்கும் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. செலவு ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால், இது எந்தக் கொள்கை ஆவணத்திலும் இருக்காது, உங்கள் தாளில்தான் இருக்க வேண்டும்.

பார்வையற்ற பார்வையாளர்களுக்காக மேடைக் காட்சியை விவரித்துச் சொல்லும் ஒலி விவரிப்பையும் இப்படியே கவனியுங்கள். வெள்ளை நடிகர்களை 'உயரமானவர்', 'நரைமுடிக்காரர்' என்று மட்டும் வர்ணித்துவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் தோல் நிறத்தைச் சொல்வது ஒரு பழக்கம். உங்களை எப்படி வர்ணிக்க வேண்டும், உங்கள் ஊன்றுகோலையும் செயற்கைக் காலையும் எந்தச் சொல்லால் குறிக்க வேண்டும் என்பதை நீங்களே மூன்று நான்கு வாக்கியங்களில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. எல்லோருடைய தோல் நிறமும் சொல்லப்படும், அல்லது எவருடையதும் சொல்லப்படாது என்ற ஒழுங்கையும் அதில் கேளுங்கள்.

சுவாசப் பிரச்சினை உள்ளவர்கள் விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கருமையான தோலில் ஆக்சிஜன் அளவை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வொன்றில், கருவி இயல்பாகக் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அறிமுகமில்லாத ஊரின் அவசர சிகிச்சைப் பிரிவில், மூச்சு வாங்கும்போது இதை உங்களால் விளக்க முடியாது. உங்கள் இயல்பான அளவு, உங்களுக்கு ஆபத்தின் அறிகுறிகள், கருவியின் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்ற குறிப்பு ஆகியவற்றை அந்த நாட்டு மொழியில் எழுதி, மருத்துவர் கையெழுத்தோடு பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் கடுமையானது தெருவில் நேரக்கூடியது. பெருமூளை வாதத்தால் நடையும் பேச்சும் மாறியிருப்பவரைக் குடித்திருப்பவராகவும், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத காது கேளாதவரைக் கட்டளைக்குப் பணியாதவராகவும், பதற்றத்தில் கைகளை ஆட்டும் ஆட்டிசம் உள்ளவரை மிரட்டுபவராகவும் காவலர்கள் தவறாகப் புரிந்துகொள்வது உண்டு. அவர் கருமை நிறத்தவர் என்றால், அந்தத் தவறான புரிதல் கைமீறிப் போகும் வேகம் கூடிவிடுகிறது. "நான் காது கேளாதவர், இன்ன அரங்கின் விருந்தினர், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று உள்ளூர் மொழியில் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையை அரங்கத்தின் முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். அதைக் கழுத்துப் பட்டையில் வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்ளுங்கள். சட்டைப்பைக்குள் கைவிட்டுத் தேட வேண்டிய நிலைமையே ஆபத்தாகலாம். இந்த எச்சரிக்கையை உங்கள் தலையில் சுமத்தும் உலகம் நியாயமானதல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் நீங்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பணம்

அணுகல் செலவு உங்கள் ஊதியத்திலிருந்து கழிக்கப்படக் கூடாது. உதவியாளரின் சம்பளம், பயணம், தங்குமிடம், விசா, மொழிபெயர்ப்பாளர்கள், பேச்சை உடனுக்குடன் திரையில் காட்டும் நேரடி வசன எழுத்து, சாய்தளமுள்ள வாகனம், கூடுதல் ஓய்வு நாட்கள் ஆகிய அனைத்தையும் தனித் தலைப்பில் தொகையோடு எழுதி, ஊதியத்துக்கு அருகில் வராமல் வேறு பத்தியில் வையுங்கள். "எங்களிடம் ஒரே தொகைதான் இருக்கிறது, நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் இப்படி எழுதலாம்: "அந்த ஏற்பாட்டில், அதே மேடையில் அதே நேரம் நிகழ்ச்சி தரும் மற்றக் கலைஞரைவிடக் குறைந்த ஊதியத்துக்கு நான் வேலை செய்ய நேர்கிறது. அணுகல் செலவுக்குத் தனி நிதி கோரி உங்கள் நிதியளிப்பாளருக்கு விண்ணப்பிக்க இயலுமா? அதற்கான மதிப்பீட்டை நான் அனுப்புகிறேன்." அணுகல் செலவுக்கெனத் தனித் தொகை ஒதுக்கும் நிதித் திட்டங்கள் பல நாடுகளில் உள்ளன, கேட்கப்படாததாலேயே அவை பயன்படாமல் போவதும் உண்டு.

வரியையும் இப்போதே பேசிவிடுங்கள். பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் மாதிரி வரி ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு, நிகழ்ச்சி நடக்கும் நாடே கலைஞரின் வருமானத்துக்கு வரி விதிக்க இடமளிக்கிறது. ஒப்பந்தச் சலுகையோ முன் அனுமதியோ இல்லாதபோது, அமெரிக்காவில் 30 விழுக்காடும், பிரிட்டனில் 20 விழுக்காடும், ஜெர்மனியில் கூடுதல் வரியோடு 15.825 விழுக்காடும் பொதுவாகப் பிடித்தம் செய்யப்படுகின்றன. உதவியாளரின் சம்பளம் உங்கள் கணக்கின் வழியாகப் போனால் அந்தப் பணத்துக்கும் பிடித்தம் வரலாம். ஆகவே அணுகல் செலவுகளை ஏற்பாட்டாளரே உரியவர்களுக்கு நேரடியாகச் செலுத்துவது நல்லது.

சொந்த நாட்டில் உதவித்தொகை பெறுபவர்கள் கிளம்புமுன் அதன் விதியைப் படித்துவிட வேண்டும். பிரிட்டனின் மாற்றுத்திறனாளி உதவித்தொகையான பி.ஐ.பி. தற்காலிகமாக வெளிநாட்டில் இருக்கும்போது பொதுவாக 13 வாரங்கள் வரை தொடரும், அமெரிக்காவில் வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஐ. நாட்டுக்கு வெளியே தொடர்ந்து 30 நாட்கள் இருந்தாலே நின்றுவிடும். அங்கேயே தங்கிப் படைப்பில் ஈடுபடும் ஆறு வார ரெசிடென்சியை இரண்டு துண்டாகப் பிரிக்கக் கேட்பதற்கு இது போதிய காரணம்.

விசா, மருந்து, வழிகாட்டி நாய்

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது பொதுவாக முடியாது. முடிவுக்கு 15 நாட்கள் என்பது விதி, ஆனால் 45 நாட்கள் வரை நீட்டிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு தேவை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அந்தக் காப்பீடு பொருந்துமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பொருந்தாது. கைரேகை தருவது உடலளவில் இயலாதவர்களுக்கு ஷெங்கன் விசா விதியிலேயே விலக்கு இருக்கிறது. விரல்கள் இல்லாத கலைஞரை முகப்பில் நிற்கவைத்து அலைக்கழித்தால் அந்த விதியைச் சுட்டிக் காட்டலாம். விண்ணப்ப மையத்தில் படிகள் உள்ளனவா, லிஃப்ட் வேலை செய்கிறதா என்று நேரம் பதிவுசெய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்.

எல்லா அழைப்புக் கடிதங்களும் ஒன்றல்ல. 'கலாசாரப் பரிமாற்றம்' என்று மட்டும் எழுதிய கடிதத்தைவிட, நிகழ்ச்சித் தேதிகள், ஊதியம், தங்குமிடம், யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள், உதவியாளர் ஏன் பிரிக்க முடியாதவர், நீங்கள் இதற்குமுன் எந்த நாடுகளுக்குப் போய்த் திரும்பினீர்கள், திரும்பிய பின் உங்களுக்கு என்ன ஒப்பந்தங்கள் காத்திருக்கின்றன என்றெல்லாம் சொல்லும் கடிதம் வலுவானது. திரும்பிப் போக மாட்டார் என்ற சந்தேகம் சில கடவுச்சீட்டுகளின்மேல் மற்றவற்றைவிட எளிதாக விழுகிறது. விசா மறுக்கப்பட்டால், ஷெங்கன் நாடுகள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. மறுப்பு நேர்ந்தால் அதுவரை செய்த வேலைக்கு என்ன ஊதியம், விசாக் கட்டணத்தை யார் ஏற்பது, இணையவழியாக நிகழ்ச்சி தர முடியுமா என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவில் சுற்றுலா விசாவில் ஊதியத்துக்கு நிகழ்ச்சி தர முடியாது. ஓ-1 (O-1), பி-3 (P-3) போன்ற கலைஞர் விசா வகைகளில் ஏற்பாட்டாளர் மனுச் செய்ய வேண்டும். கூட வருபவர்களுக்கான ஓ-2 வகை, நிகழ்ச்சியில் இன்றியமையாத பங்குள்ள திறனாளர்களுக்கானது. பராமரிப்பு உதவியாளர் அதற்குள் அடங்குவாரா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் கனடாவும் விசா விண்ணப்பதாரரின் உடல்நிலையால் அந்நாட்டுக்கு ஏற்படக்கூடிய மருத்துவ, சமூகச் செலவைக் கணக்கிடும் விதிகளை வைத்திருக்கின்றன. கனடா 2018இல் தன் செலவு வரம்பை மும்மடங்காக்கித் தளர்த்தியது. ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறனாளிப் பாகுபாட்டுத் தடைச் சட்டமோ குடியேற்றச் சட்டத்துக்கே விலக்கு அளித்திருக்கிறது. குறுகிய வருகைக்கு இவை பெரும்பாலும் குறுக்கே வருவதில்லை, நீண்ட ஒப்பந்தங்களுக்கு வரலாம்.

மருந்துகளை அவற்றின் அசல் பெட்டியிலேயே, மருத்துவர் கடிதத்தோடு எடுத்துச் செல்லுங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமின் மருந்துகளை ஜப்பான் மருந்துச் சீட்டு இருந்தாலும் அனுமதிப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு முன் அனுமதி கேட்கிறது. வழிகாட்டி நாய்க்கு இன்னும் நீண்ட அவகாசம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வந்தால், மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அதற்குக் குறைந்தது 30 நாட்களுக்குப் பின் ரத்தப் பரிசோதனை, மாதிரி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு என்று வரிசையாகப் போகிறது. அழைப்பு தாமதமாக வந்தால் நாய் வர முடியாது என்பதை ஏற்பாட்டாளருக்குத் தெரிவித்து, வழிகாட்ட மனிதர் ஒருவரை அவர்கள் செலவில் கேளுங்கள்.

விமானம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதியின்படி, அதன் விமான நிலையங்களில் உதவி இலவசம், 48 மணி நேரம் முன்பு தெரிவிக்க வேண்டும். இரண்டு நகர்வு உபகரணங்களைக் கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். அமெரிக்க விமான நிலையச் சோதனையில் உதவிக்கு, பாதுகாப்புச் சோதனையை நடத்தும் டி.எஸ்.ஏ. அமைப்பின் 'கேர்ஸ்' உதவிச் சேவைக்கு 72 மணி நேரம் முன்பு தெரிவிக்கலாம். செயற்கைக் கால், தலைப்பாகை, பின்னல் முடி ஆகியவை அதிகமாகச் சோதிக்கப்படுகின்றன. தனி அறையில், உங்கள் பாலினத்தவரே சோதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. தானியங்கி முகச் சோதனைக் கதவு திறக்காவிட்டால் அது உங்கள் தவறல்ல; முக அடையாள மென்பொருள்கள் எல்லா முகங்களையும் ஒரே துல்லியத்தோடு கையாள்வதில்லை. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2019இல் செய்த ஆய்வில், பல முக அடையாள மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க-அமெரிக்க முகங்களைத் தவறாகப் பொருத்துவது வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. அதிகாரி இருக்கும் முகப்புக்கு நேரே போய்விடுங்கள்.

சக்கர நாற்காலிதான் பெரிய கவலை. 2023இல் மட்டும் அமெரிக்க விமான நிறுவனங்கள் 11,000க்கும் மேற்பட்ட சக்கர நாற்காலிகளையும் ஸ்கூட்டர்களையும் சேதப்படுத்தின, தாமதப்படுத்தின அல்லது தொலைத்தன. சர்வதேசப் பயணங்களில் பெரும்பாலும் பொருந்தும் 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தம் நாற்காலியையும் பெட்டியைப் போன்ற பயணச் சுமையாகவே பார்க்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அதன் இழப்பீட்டு வரம்பு பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகில் 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். மின்நாற்காலியின் விலையோ அதைப்போலப் பல மடங்கு. இந்த வரம்பை உயர்த்த அதே ஒப்பந்தத்தில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பொருளை ஒப்படைக்கும்போது அதன் மதிப்பைக் குறித்துச் சிறப்பு அறிவிப்புச் செய்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்தினால், அறிவித்த தொகை வரை விமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். முகப்பில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் போகலாம். ஆகவே ஒரு வாரம் முன்பே நிறுவனத்துக்கு எழுதி, பதிலை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். சேதம் கண்டால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், ஆனால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் தருவதே பாதுகாப்பு.

விமான வாசலில் நாற்காலியை ஒப்படைக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்குத் தயாராக இருங்கள். ஜாய்ஸ்டிக்கையும் மெத்தையையும் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள், தேதி தெரியும்படி. பேட்டரியின் வகை, வாட்-அவர் அளவு, சுவிட்சை அணைக்கும் விதம், எந்த இடத்தில் பிடித்துத் தூக்கலாம், எந்த இடத்தில் பிடிக்கவே கூடாது என்பவற்றைப் படத்தோடு லேமினேட் செய்து நாற்காலியின் முதுகில் கட்டிவிடுங்கள். சரக்கறையில் வேலை செய்பவருக்கு உங்கள் மொழி தெரியாது, அம்புக்குறி புரியும். ஐரோப்பாவில் மின்சாரம் 230 வோல்ட், வட அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. சார்ஜரின் அடியில் 100-240 என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

போய்ச் சேர்ந்த பின்

முதல் நாள் முதல் வேலையாக, அரங்க மேலாளரோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கையில் உங்கள் தாள் இருக்கட்டும். தீ விபத்தின்போது லிஃப்ட் நின்றுவிடும் என்பதால், மேல்தளத்திலிருந்து உங்களை இறக்கும் பொறுப்பு யாருடையது, இறக்கும் நாற்காலி எங்கே இருக்கிறது, அதை இயக்கத் தெரிந்தவர் நிகழ்ச்சி நேரத்தில் பணியில் இருப்பாரா என்று கேளுங்கள். காது கேளாதவர் தங்கும் அறையில் ஒளிரும் அபாய விளக்கு வேண்டும்.

நிகழ்ச்சிக்குப் பின் நடக்கும் உரையாடலை நெறிப்படுத்துபவரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். "உங்களுக்கு என்ன ஆயிற்று?", "உண்மையில் எந்த நாட்டுக்காரர்?" என்ற கேள்விகள் வந்தால் அவரே குறுக்கிட்டு, படைப்பைப் பற்றிய கேள்விக்குத் திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் அமர்ந்தபடி நீங்களே அதைச் செய்ய வேண்டிய நிலை வரக் கூடாது.

வாக்களித்த வசதி கிடைக்காவிட்டாலும், இனரீதியாக யாராவது அவமதித்தாலும், அன்றிரவே நேரம், இடம், சொன்ன சொல், சாட்சி ஆகியவற்றை எழுதி, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தப் பொறுப்பாளர் நிகழ்ச்சி இயக்குநரின் கீழ் வேலை செய்பவராக இல்லாமலிருப்பது நல்லது. இதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். சட்டத்தின் துணை எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையை விதிக்கிறது, இனப் பாகுபாட்டையும் அதே சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உண்டு. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தின் 30ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தங்கள் படைப்பாற்றலை வளர்த்துப் பயன்படுத்தும் வாய்ப்பைச் சமூகத்தின் நன்மைக்காகவும் உறுதிசெய்யச் சொல்கிறது. அரசு நிதியில் நடக்கும் விழாவுக்கு எழுதும் கடிதத்தில் இந்தப் பிரிவை மேற்கோள் காட்டுவது பயன் தரும்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே தாளை எடுத்துத் திருத்துங்கள். எந்த அளவு தவறாக இருந்தது, எந்தக் கேள்வியைக் கேட்க மறந்தீர்கள், எத்தனை நாள் ஓய்வு உண்மையில் தேவைப்பட்டது என்று குறித்துக்கொண்டு, அதன் ஒரு பிரதியை அழைத்த அரங்கத்துக்கும் அனுப்புங்கள். மேடைக்கு ஏறும் மூன்று படிகளை மாற்றும் வேலையை அவர்கள் அடுத்த ஆண்டு நிதித் திட்டத்தில் சேர்க்க அந்தப் பிரதி காரணமாகலாம். உங்களுக்குப் பின் அங்கே போகும் கலைஞர் உங்களைத் தொடர்புகொண்டு கேட்டால், வீடியோவையும் அளவுகளையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.